ஓட்டத்தண்ணி

சோலைமலைக்கும் நடைக்கும் ஜென்மப் பகை. தெருமுனை டீக்கடைக்கே ஸ்கூட்டரில் போகிற மனிதர். அதற்காக அவரைச் சோம்பேறி என்று சொன்னால் பாவம் பிடிக்கும். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை உழைப்பவர்தான். அந்த உழைப்பு முழுக்க உட்கார்ந்தபடியே நடந்தது, அவ்வளவுதான். மதுரை அண்ணா நகரில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். தானாக ஓடும் கார்கள் நாடெங்கும் வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனால் மாசி வீதிச் சந்துக்குள் நுழைந்து, எதிரே ஒரு மாடும் மாட்டுக்குப் பின்னால் ஒரு ஷேர் ஆட்டோவும் வருவதைப் பார்த்துவிட்டால் போதும், எந்தக் காராக இருந்தாலும் 'ஓட்டுநர் தேவை' என்று திரையில் எழுதிவிட்டு நடுத்தெருவில் நின்றுவிடும். அந்தப் புண்ணியத்தில் சோலைமலைக்குப் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. வயிறும் வஞ்சகமில்லாமல் வளர்ந்துகொண்டிருந்தது.

அவர் மனைவி வக்கீல் நாகஜோதி. மாவட்ட நீதிமன்றத்தில் அவள் குறுக்கு விசாரணைக்கு எழுந்தால், உண்மை பேச வந்த சாட்சிக்கே நாக்கு உலரும் என்பார்கள். வீட்டிலும் அதே கோர்ட்தான், அதே விசாரணைதான்.

"வரும்போது வடை தின்னீங்களா மாமா?"

"இல்லையே ஜோதி."

"அப்ப சட்டைப் பையில எண்ணெய்க் கறை எப்படி வந்துச்சு? வடை தானா ஏறி உக்காந்துச்சா?"

இப்படித்தான் அவர்கள் காலம் போனது. பிள்ளை இல்லாத வீடு. ஆனால் சத்தத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அவள் திட்டுவதும் அவர் மாட்டிக்கொண்டு விழிப்பதும்தான் அந்த வீட்டின் சங்கீதம்.

ஒருநாள் சோலைமலை பரோட்டாக் கடையில் ஒரு பிடி பிடித்துவிட்டு, திட்டு விழட்டும் என்று தாமே வந்து ஒப்புக்கொண்டார். ஜோதி அவரைப் பார்த்துப் புன்னகைத்தாள். "சரி மாமா. வயிறாரச் சாப்பிட்டீங்களா?" என்றாள். திட்டு இன்னும் பின்னால் வரும் என்று அவர் நின்றுகொண்டே இருந்தார். அடுத்த வாரம் பால்காரர் தப்பாகக் கணக்குச் சொன்னார், அதற்கும் "சரி" என்றாள். அதற்கடுத்து நீதிமன்றத்தில், வாதத்தின் நடுவே நின்று, "நான் யாரு பக்கம்?" என்று நீதிபதியிடமே கேட்டுவிட்டாள். ஜூனியர்கள் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

மறதி நோய். ஐம்பத்தைந்து வயதுக்கு அது சீக்கிரம்தான். ஆனால் நோய்க்கு நாள் நட்சத்திரம் பார்க்கத் தெரியுமா என்ன? வாசல் வரை போவாள், எதற்கு வந்தோம் என்று நின்றுவிடுவாள். எதைச் சொன்னாலும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை சோலைமலையால் தாங்க முடியவில்லை. எனக்கு என்னைத் திட்டுகிற ஜோதி வேண்டும் என்று குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

மாட்டுத்தாவணிக்கு அப்பால் புதிதாக வந்திருந்த ஓர் ஆய்வு நிலையத்துக்கு யாரோ வழிகாட்டினார்கள். அங்கே டாக்டர் ஞானதிரவியம் என்று ஒருவர். மெலிந்த தேகம். பேசும்போது கை சும்மா இருக்காது.

"நெடுந்தூரம் ஓடிப் பழகினவங்க ஒடம்புல என்ன நடக்குதுன்னு தெரியுமா சார்?" என்று அவர் ஆரம்பித்தார்.

"எனக்கு எதுக்கு டாக்டர் அது? நான் உக்காந்தே பழகினவன்."

"கேளுங்க. ஓடுறதோட பலன் ரெண்டு பங்கா பிரியும். ஒண்ணு இதயத்துக்குப் போவும். அது ஓடினவருக்கே சொந்தம், யாரும் புடுங்க முடியாது. இன்னொண்ணு மூளைக்கு. ஓடும்போது தசையும் ஈரலும் சில சரக்கை ரத்தத்துல எறக்கும். அது மூளைக்குப் போயி, ஞாபகம் தங்குற எடத்துல புதுசா முளை விட வைக்கும். இது ரொம்ப காலமா தெரிஞ்ச சங்கதிதான். இப்பப் புதுசு என்னன்னா, ஓடி முடிச்ச கையோட அந்தச் சரக்கை வடிகட்டி எடுத்து இன்னொருத்தருக்கு ஏத்த முடியுது. ஜனங்க இதுக்கு ஓட்டத்தண்ணின்னு பேரே வச்சிட்டாங்க."

"அப்ப ஒருத்தர் ஓடினா இன்னொருத்தருக்கு மறதி போகுமா?"

"போவும். ஆனா யார் ஓடினாலும் ஒட்டாது. நெருங்கின ரத்த உறவா இருக்கணும். வீட்டம்மாவுக்குப் பிள்ளைங்க?"

"இல்ல."

"கூடப் பொறந்தவங்க?"

"ஒத்தப் பொண்ணு."

டாக்டரின் கைகள் முதல் தடவையாக ஓய்ந்தன. "அப்ப கஷ்டம் சார்."

"ஏன், நான் இருக்கேன்ல?"

"நீங்க புருஷன். ரத்த உறவு இல்லையே."

"யாரு சொன்னா?" சோலைமலை நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கம்மாவும் அவ அப்பாவும் ஒரு வயித்துல பொறந்தவங்க. எங்கப்பாவும் அவ அம்மாவும் அதே மாதிரி. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்த குடும்பம் டாக்டர் எங்களது. ஜோதி எனக்கு மாமன் மகளும்தான், அத்தை மகளும்தான்."

டாக்டர் விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து, சொந்தத்துல கட்டினதுக்கு டாக்டருங்க எங்களைத் திட்டித்தான் பாத்திருக்கேன். நீங்கதான் மொதல்ல சிரிக்கிறீங்க" என்றார் சோலைமலை.

டாக்டரின் பார்வை மெல்ல இறங்கி அவர் வயிற்றில் வந்து நின்றது. சிரிப்பு போய்விட்டது. "உறவு போதும். ஆனா ஓடணுமே சார். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. மாசக் கணக்கா, மூச்சு வாங்க வாங்க, விடாம."

"எனக்குச் சின்ன வயசுல அம்மை போட்டப்ப எங்கம்மா வெறுங்காலோட திருப்பரங்குன்றத்தைச் சுத்தி வந்துச்சு. நோவு எனக்கு, நடை அதுக்கு. அடுத்தவங்களுக்காகக் கால் நோக நடக்கிறது எங்க பக்கம் புதுசில்ல டாக்டர். நான் ஓடுறேன்."

சொல்வது சுலபம். மறுநாள் விடியற்காலை வண்டியூர்த் தெப்பக்குளத்தின் ஒரு பக்கத்தைக்கூட அவரால் முழுசாகக் கடக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ரயில் எஞ்சின் போல இரைத்தார். நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர்கள், "ஆம்புலன்ஸ் கூப்பிடவா?" என்று கேட்டார்கள். கேலியா அக்கறையா தெரியவில்லை, இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும். மறுநாளும் வந்தார். முழங்கால் வீங்கி ஒரு வாரம் படுத்தார், எழுந்தார், மறுபடி வந்தார். பரோட்டாவை விட்டார். வடையை விட்டார். அதை விட்ட அன்று ஒரு நெருங்கிய சொந்தத்தைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார் என்று டீக்கடைக்காரர் இன்றும் சொல்வார்.

அடேயப்பா, மனித உடம்பைப் போல நன்றியுள்ள ஜீவன் உலகத்தில் உண்டா! இத்தனை வருஷம் அதைச் சோற்றாலும் எண்ணெயாலும் அடைத்து வைத்திருந்தார். அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாமல், கேட்ட மாத்திரத்தில் அது திரும்பக் கொடுக்க ஆரம்பித்தது. மழைக்காலம் முடிவதற்குள் குளத்தை நில்லாமல் சுற்றினார். பங்குனி வெயிலுக்குள் அழகர்கோவில் சாலையில் மலை தெரிகிற வரை ஓடிவிட்டுத் திரும்பினார். ரத்த அழுத்த மாத்திரை நின்றது. சர்க்கரை இறங்கியது. டாக்டர் அவருடைய இதயத்தைத் திரையில் காட்டினார்.

"முந்தி இது, ஒரு வேலைக்கு ஒம்பது தடவை கத்துற ஆபீசர் மாதிரி இருந்திச்சு. இப்பப் பாருங்க, ஒரே தடவை மெதுவாச் சொல்லி வேலையை முடிச்சிட்டு ஓய்வெடுக்குது. அறை அகலமாயிருக்கு. ரத்தக் குழாய் எல்லாம் புது ரப்பர் மாதிரி வளையுது. சார், இது இளவட்டத்தோட இதயம்."

தமக்குள் அப்படி ஒன்று உட்கார்ந்திருப்பதை சோலைமலை வியந்து பார்த்தார். அது பாட்டுக்கு நிதானமாக விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கே, ஓடி முடித்த வேர்வை அடங்குமுன், முதல் பையை எடுத்தார்கள். நல்லெண்ணெய் நிறத்தில் இருந்தது. எடுத்தவள் நர்ஸ் ஷமீமா. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், கலகலவென்று பேசுவாள், சோலைமலையிடமே கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள்.

"ஸ்டியரிங்க இறுக்கிப் பிடிக்காதேன்னு என்னைத் திட்டுவீங்கள்ல மாஸ்டர், இப்ப நான் சொல்றேன். கையைத் தளர்த்துங்க."

பக்கத்துக் கட்டிலில் ஜோதி படுத்திருந்தாள். அந்தத் தண்ணி சொட்டுச் சொட்டாக அவளுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சோலைமலை தூங்கிப்போனார்.

கொஞ்ச நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு காலை, ஓடிவிட்டு வந்தவர் மறதியில் ஷூவோடு கூடத்துக்குள் நுழைந்துவிட்டார். சமையல்கட்டிலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"நில்லுங்க அங்கேயே! அந்த நாத்தம் புடிச்ச ஷூவோட எங்க வர்றீங்க? வீடா இது, இல்ல மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டா?"

சோலைமலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "திட்டு ஜோதி. இன்னும் ரெண்டு வார்த்தை சேத்துத் திட்டு" என்றார்.

"கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றபடி வந்து அவர் தலையைத் தடவினாள். அந்தக் கை, பழைய ஜோதியின் கை.

அந்த வருஷமே அவள் மறுபடி கறுப்புக் கோட்டைப் போட்டாள். ஒரு நிலத் தகராறில் எதிர்த்தரப்பு சாட்சியை அவள் திணறடித்ததைப் பார்த்துவிட்டு வந்த ஜூனியர்கள், "அம்மா திரும்பி வந்துட்டாங்க" என்று வீட்டுக்கே வந்து சோலைமலையின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆசையும் அடங்கவில்லை. மாதம் இரண்டு பைதான் எடுக்கலாம் என்பது டாக்டர் வைத்த வரம்பு. சோலைமலை கெஞ்சினார், "எனக்கு என்ன டாக்டர், கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன். வாரா வாரம் எடுங்க" என்றார். ஜோதியின் முன்னேற்றத்தைப் பார்த்து டாக்டருக்கும் சபலம் தட்டியது, சரி என்றார். அந்த ஒப்புதல்தான் வினையாயிற்று.

முதலில் சின்னச் சின்னதாகத்தான் போனது. வண்டிச் சாவி, பக்கத்துக் கடைக்காரர் பேர், பாதி சொல்லி நிறுத்திய வாக்கியம். வயசு என்று சொல்லிக்கொண்டார். பிறகு ஒருநாள் ஷமீமாவுக்கு அழகர்கோவில் சாலையில் வகுப்பு. ஒரு திருப்பத்தில் பால் வண்டி ஒன்று குறுக்கே வந்தது. கற்றுக்கொடுப்பவர் இருக்கையிலும் ஒரு பிரேக் உண்டு. அதை அவர் தூக்கத்தில்கூட அழுத்துவார், கால் அப்படிப் பழகியது. அன்றைக்கு அவர் கால் அசையவில்லை. குனிந்து அந்தப் பிரேக்கைப் பார்த்தார். இது எதற்கு இங்கே இருக்கிறது என்று யோசித்தார். ஷமீமா அலறிக்கொண்டே தானே அழுத்தி வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தினாள்.

"மாஸ்டர்! என்னாச்சு மாஸ்டர்?"

அவருக்கு உடம்பு வெடவெடத்தது. இதயம் மட்டும் பதறவில்லை, அது தன் பாட்டுக்கு நிதானமாக அடித்தது. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

ஷமீமாவுக்குப் புரிந்துவிட்டது. "ஆத்தீ! உங்க மூளைக்குன்னு ஒண்ணும் மிச்சமில்லாம எடுத்துட்டு இருக்கோமா? நான் டாக்டர்கிட்ட சொல்லப் போறேன்."

"சொன்னா நிறுத்திருவாரு."

"நிறுத்தட்டும்!"

"நிறுத்தினா ஜோதி மறுபடி எதுக்கெடுத்தாலும் சரி மாமா, சரி மாமான்னு ஆயிருவா. ஷமீமா, ஒன் பிள்ளைங்க மேல சத்தியமா சொல்லக்கூடாது. நான் இனிமே வண்டியில ஆளு ஏத்தலை. ஸ்கூலை மூடிர்றேன். போதுமா?"

அவள் அழுதுகொண்டே தலையசைத்தாள். சொன்னபடி சோலைமலை ஸ்கூலை மூடினார். முதுகுவலி என்று வீட்டில் காரணம் சொன்னார். ஆனால் ஓட்டத்தை மட்டும் விடவில்லை. வழி மறந்துவிடுமோ என்ற பயத்தில் தெப்பக்குளத்தையே சுற்றிச் சுற்றி ஓடினார். குளத்தைச் சுற்றுகிறவனுக்கு வழி எப்படித் தப்பும்?

கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான். சோலைமலை அவ்வளவு கெட்டிக்காரரும் இல்லை, வீட்டில் இருந்ததோ மாவட்டத்திலேயே பெரிய குறுக்கு விசாரணைக்காரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட இலையை எடுத்துவிட்டு அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, ஒரு நாலு கேள்வி கேக்கணும்."

"கேளு."

"இன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"இட்லி."

"தோசை. நான்தான் சுட்டுப் போட்டேன். சரி, யாருக்கும் மறக்கிறதுதான். நேத்து சாயங்காலம் நம்ம வீட்டுக்கு வந்தது யாரு?"

சோலைமலை எழுந்து கைகட்டி நின்றார். "கனம் நீதிபதி அவர்களே, எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு அப்பாவிச் சாட்சியைக் குழப்பப் பாக்குறாங்க."

ஜோதி சிரிக்கவில்லை. "எங்கப்பா பேரு என்ன?"

அவர் வாயைத் திறந்தார். அவருடைய தாய்மாமன் அவர். சித்திரைத் திருவிழாவில் தோளில் தூக்கி வைத்து ஆற்றில் அழகர் இறங்குவதைக் காட்டியவர். காது குத்தும்போது மடியில் உட்கார வைத்துக்கொண்டவர். அந்த முகம் வந்தது, மீசை வந்தது, தோளின் வேர்வை வாசனைகூட வந்தது. பேர் வரவில்லை. நின்றுகொண்டே தேடினார். கண்கள் நிறைந்துவிட்டன.

"ஒங்க தாய்மாமன், மாமா" என்றாள் ஜோதி.  "எத்தனை நாளா இது?"

"கொஞ்ச நாளா."

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்பாங்க. ஒங்களுக்கு மிஞ்சுச்சா?"

"நீ தெளிவா இருந்தா எனக்கு மிஞ்சின மாதிரிதான் ஜோதி."

"எதுக்குத் தெளிவா இருக்கணும்? நீங்க என்னைப் பாத்து, இந்தம்மா யாருன்னு முழிக்கிறதைத் தெளிவா நின்னு பாக்குறதுக்கா?"

வாழ்நாளில் எத்தனையோ பேரிடம் குறுக்கு விசாரணை செய்தவள், ஒரு சாட்சியைக் கட்டிக்கொண்டு அழுதது அன்றைக்குத்தான்.

மறுநாள் டாக்டரின் அறையில் ஜோதி உட்காரவே இல்லை. டாக்டர் தலை நிமிரவில்லை. "ஓட்டத்துல அதிகமாச் சுரக்கிறதை மட்டும் எடுக்கிறோம்னு நெனைச்சோம்மா. ஓடாம இருக்கிறவனுக்கும் அன்றாடத்துக்குன்னு கொஞ்சம் சுரக்கும். வாரா வாரம் எடுத்ததுல அதையும் சேத்து வழிச்சு எடுத்திருக்கோம். வரம்பு போட்டவனே மீறினேன். தப்பு என்னோடது."

"இனிமே அவருகிட்ட இருந்து ஒரு சொட்டு எடுக்கக்கூடாது."

"எடுக்க வேண்டியதே இல்ல" என்றார் டாக்டர். "முந்தி நீங்க வாசலைத் தாண்டினா வழி தெரியாத நிலைமை. இப்ப நீங்களே ஓடலாம். நீங்க ஓடி ஒங்க மூளையைக் காப்பாத்திக்கோங்க. சார் ஓடி அவரு மூளையைக் காப்பாத்திக்கட்டும். போனது அவருக்கு மெல்லத் திரும்பிரும். ஆனா ஒண்ணு, ரெண்டு பேருமே விடக்கூடாது. விட்டா ரெண்டு பேருக்கும் இருட்டுதான்."

எவ்வளவு எளிய வைத்தியம்! இருவரும் சந்தோஷமாக வீடு திரும்பினார்கள். ஜோதிக்கு ஷூ வாங்கினார்கள்.

மறுநாள் அலாரம் அடித்தது. சோலைமலை அதை அணைத்தார். தமக்காக எழுந்திருப்பது என்பது அவருக்குத் தெரியாத வித்தை. ஜோதி புரண்டு படுத்து, "நேத்து ராத்திரி கேஸ் கட்டு படிச்சதுல கண்ணு எரியுது, நாளைக்குப் போலாம்" என்றாள். நாளைக்கு மழை பெய்தது. அதற்கடுத்த நாள் மழை பெய்யும் போல இருந்தது. பிறகு சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. இப்படியே ஒரு மாதத்துக்குமேல் போயிற்று. இதே சோலைமலைதான் முழங்கால் வீக்கத்தோடு குளத்தைச் சுற்றியவர். அவரைப் போர்வையிலிருந்து கிளப்ப முடியவில்லை. ஜோதி ஒரு நாள் நீதிமன்றத்தில் ஒரு சட்டப் பிரிவின் எண்ணைத் தேடித் தடுமாறினாள். அன்று சாயங்காலம் அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நேரே டாக்டரிடம் வந்துவிட்டாள்.

"டாக்டர், நான் ஓடுறேன். என்னோடதை எடுத்து மாமாவுக்கு ஏத்துங்க. மாமா ஓடட்டும். அவரோடதை எனக்கு ஏத்துங்க. மாசத்துக்கு ஒரு பை, அதுக்கு மேல வேண்டாம்."

டாக்டர் விழித்தார். "இது விஞ்ஞானத்துல அர்த்தமே இல்லாத ஏற்பாடும்மா! கூட்டிக் கழிச்சுப் பாருங்க. அவங்கவங்க ஓடி அவங்கவங்க வச்சுக்கிறதும் இதுவும் ஒண்ணுதானே?"

"கணக்கு ஒண்ணுதான் டாக்டர். ஆனா விடியக்காலம் கட்டில்ல இருந்து ஆளைக் கிளப்புறது கணக்கு இல்லையே."

டாக்டர் வெகுநேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "சரி" என்றார்.

மறுநாள் அலாரம் அடிக்கும் முன்பே இருவரும் வாசலில் நின்றார்கள். ஜோதி முதல் வாரம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள், பிறகு சுடிதாருக்கு மாறினாள். மூச்சு வாங்கினாலும் வாய் ஓயவில்லை, அவர் காலை எப்படி வைக்க வேண்டும் என்று ஓடிக்கொண்டே உத்தரவு போட்டாள். சோலைமலைக்கு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. ஒரு நாள் ஓட்டத்தின் நடுவில் திடீரென்று நின்று, "முத்திருளப்பன்! எங்க மாமன் பேரு முத்திருளப்பன்!" என்று கத்தினார். குளக்கரையில் போனவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜோதி ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். டிரைவிங் ஸ்கூல் மறுபடி திறந்தது. ஷமீமா லைசென்ஸ் வாங்கினாள்.

மூன்றாம் வருஷம் ஐப்பசியில் ஜோதிக்குக் காய்ச்சல் வந்து இரண்டு வாரம் படுத்துவிட்டாள். ஓட்டமும் இல்லை, பை எடுக்கவும் இல்லை. சோலைமலை தம் முறைக்கு ஆய்வு நிலையத்தில் தனியாகப் போய்ப் படுத்தார். வழக்கம்போல ஷமீமா ஒரு பையை எடுத்தாள். வழக்கம்போல ஒரு பையைக் கொண்டுவந்து மாட்டினாள். அது சொட்ட ஆரம்பித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"ஏம்மா ஷமீமா, ஜோதி இந்த மாசம் குடுக்கவே இல்லையே. இது யாரோடது?"

ஷமீமா கையிலிருந்த பஞ்சைக் கீழே போட்டாள்.

"சொல்லும்மா."

"உங்களோடதுதான் மாஸ்டர்" என்றாள் அவள். "இப்ப எடுத்தது. அப்படியே திருப்பி ஏத்துறேன்."

"எத்தனை நாளா?"

"ஆரம்பத்துல இருந்தே. உங்களோடது உங்களுக்கு, அவங்களோடது அவங்களுக்கு. மாத்தி ஏத்தினா ரெண்டு பேருல யாருக்காச்சும் மறுபடி குறைஞ்சிருமோன்னு டாக்டருக்குப் பயம். அதே சமயம், இப்படி ஏதாவது பண்ணலேன்னா நீங்க ரெண்டு பேரும் போர்வையை விட்டு வரமாட்டீங்கன்னும் அவருக்குத் தெரியும்."

சோலைமலை சொட்டிக்கொண்டிருந்த பையை அண்ணாந்து பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். இப்போது குலுங்க அங்கே அவ்வளவு வயிறும் இல்லை. சிரித்து ஓய்ந்ததும் சட்டென்று பதறினார்.

"ஷமீமா, இது ஜோதிக்குத் தெரியக்கூடாது. எனக்காக ஓடுறோம்னு நெனைச்சுத்தான் அவ அந்த ஓட்டம் ஓடுறா. தனக்காகன்னு தெரிஞ்சா ஒரு அடி எடுத்து வைக்க மாட்டா. எனக்குத் தெரியாதா அவளை? சத்தியம் பண்ணு."

ஷமீமா பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "அல்லாவே! உங்க ரெண்டு பேருக்கும் சத்தியம் பண்ணிப் பண்ணியே என் வாய் வலிக்குது மாஸ்டர்."

"ரெண்டு பேருக்குமா?"

"வக்கீலம்மா போன பொங்கலுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிட்டாங்க. டாக்டரை நிக்க வச்சு நாலே கேள்வி, அவரு எல்லாத்தையும் கக்கிட்டாரு. அப்புறம் என்கிட்ட வந்து, நீங்க இப்பச் சொன்ன அதே வார்த்தை. மாமாவுக்குத் தெரியக்கூடாது, தனக்காகன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் படுத்துக்குவாரு, எனக்குத் தெரியாதா அவரை, சத்தியம் பண்ணுன்னாங்க."

 சோலைமலை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். தம்முடைய தண்ணி தமக்குள்ளேயே சொட்டுச் சொட்டாக இறங்கி முடிந்தது. கிளம்பும்போது, "நான் கேட்டேன்னு அவகிட்ட மூச்சு விடாதே" என்று மட்டும் சொன்னார்.

வாரக் கடைசியில், விடிவதற்குள் கூடத்தில் சத்தம் கேட்டு எழுந்து வந்தார். ஜோதி நாற்காலியில் உட்கார்ந்து ஷூ நாடாவை முடிந்துகொண்டிருந்தாள். காய்ச்சலில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"இன்னிக்கு வேணாம் ஜோதி. ஒடம்பு தேறட்டும்."

"நான் படுத்துக்கிட்டா ஒங்க மண்டை என்னாகும்? ஏற்கெனவே இந்த மாசம் என்னோடது ஒங்களுக்குப் போகலை. எனக்காகவா ஓடுறேன் நான்? எல்லாம் ஒங்களுக்காகத்தான்" என்றாள் நிமிராமல்.

எத்தனையோ பொய்ச் சாட்சிகளைக் கூண்டில் நிற்க வைத்துப் பிய்த்து எடுத்தவள். அவளுக்குப் பொய் சொல்லவும் இவ்வளவு அழகாக வருமென்று அவருக்கு அதுவரை தெரியாது.

"ஆமா ஜோதி" என்றார் சோலைமலை. "நீ ஓடலேன்னா நான் என்ன ஆவேனோ. இரு, நானும் ஷூவைப் போட்டுட்டு வந்துர்றேன். ஒனக்காகவும் ஒரு ஆள் ஓடணும்ல?"

அவள் தலையைத் தூக்கி அவரை ஒரு பார்வை பார்த்தாள், குறுக்கு விசாரணைப் பார்வை. அவர் கண்ணிமைக்காமல் நின்றார். அவள் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு சாட்சியை மேற்கொண்டு கேள்வி கேட்காமல் விட்டாள்.

"சீக்கிரம் வாங்க" என்று கதவைத் திறந்தாள்.